மொட்டை மலையின் அழகியல்

பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த கவிஞர் நண்பர் ஒருவர், அண்ணாமலையில் மரம் வளர்ப்பது அபச்சாரம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். இது அக்னித் தலமாம். அக்னிக்கு மொட்டைப் பாறைதான் உருவமாம். பழைய புகைப்படங்களில் மலை மொட்டையாக இருப்பது அவருக்குச் சாட்சி.

நான் வங்கிக் குமாஸ்தா. புகைப்படம் ஒரு நாளின் இருப்பைக் காட்டும். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று காட்டாது. ஊர் அடுப்புகளுக்கு இறங்கிய விறகு, மேய்ந்த ஆடுகள், கோடைக்குக் கோடை மஞ்சம்புல்லில் பற்றிய தீ - இவை செய்த மொட்டை அது. பற்றுக் கணக்கைத் துறவு என்று புகழ நம் கவிதைக்குக் கூசுவதில்லை. தீபத்தன்று உச்சியில் எரிவது கொப்பரை நெய். கோடையில் சரிவில் எரிவது யாரோ போட்ட தீக்குச்சி. இரண்டையும் ஒரே அக்னியாக்குவது உவமைக்குச் சௌகரியம். கன்றுக்குச் சாவு.

எதிர்த்தரப்பையும் நான் ஏற்கவில்லை. கன்று நட்டுப் படமெடுத்து எண்ணிக்கை அறிவிப்பவர்கள் வரவை மட்டும் எழுதுகிறார்கள்; செத்தது கணக்கில் ஏறுவதில்லை. தைலமரத்தை வரிசையாக நிறுத்தினாலும் எண்ணிக்கை கிடைக்கும்.

1988இல் அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி தொடங்கிய வேலையை, பிறகு ஃபாரஸ்ட் வே போன்ற அமைப்புகளும் செய்து வருகின்றன. இந்த மண்ணின் மரங்களை நாற்றங்கால் போட்டு வளர்ப்பது அதில் பாதிதான். கோடைக்கு முன் புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், புகை கண்டால் மலையேறி அணைப்பதும் மீதிப் பாதி. சில வருஷம் தீ வராவிட்டால் அடிக்கட்டை தானே துளிர்க்கிறது; பறவை விதை கொண்டுவருகிறது.

மலை வெறும் படிமமில்லை என்பதை 2024 டிசம்பர் 1 சொன்னது. ஃபெஞ்சல் புயல் மழையில் சரிந்த மண்ணும் பாறையும் வ.உ.சி. நகரில் ஏழு பேரைப் புதைத்தன. காடு இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் வாதிடவில்லை. அவ்வளவு மழைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. மலைக்கு மண் உண்டு, அது இறங்கும் என்பதை மறந்த ஞானம் நமக்கு வேண்டாம் என்கிறேன்.

ஐந்திணை பற்றிக் கட்டுரை எழுதும் நமக்கு உசிலையையும் வெப்பாலையையும் அடையாளம் தெரியாது. நம் கவிதைகளில் மரம் என்ற சொல் இருக்கிறது. பெயருள்ள மரம் ஒன்றில்லை.

நண்பர் அடுத்த கோடையில் வரட்டும். தீக்கோட்டில் புல் அறுக்க எப்போதும் ஆள் குறைவு.