மானியம் பட்டாவுக்கா, பாடுபட்டவருக்கா?

புகையிலைக் காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த இலையின் பிசின் தெரியும். கையில் ஒட்டினால் லேசில் போகாது. பனி ஈரத்தோடு இலை அறுத்தால் தலை சுற்றும், குமட்டும். ஈர இலையின் நிகோடின் தோல் வழியாக உடம்பில் ஏறுவதால் வரும் நோய் இது. வேடசந்தூர் வட்டாரத்தில் கொழுந்து கிள்ளி, இலை அறுத்து, உலர்த்திக் கொடுக்கும் நம் பெண்கள் இதை நோய் என்றே சொல்வதில்லை. 'புகையிலை வேலைன்னா அப்படித்தான்' என்று மறுநாளும் போகிறார்கள்.

புகையிலையைக் கைவிட்டு வேறு பயிருக்கு மாறுங்கள் என்கிறது மத்திய அரசு. இதற்கான பயிர் மாற்றுத் திட்டம் 2015-16 முதல் புகையிலை விளையும் 10 மாநிலங்களுக்கு வந்தது. தமிழகமும் அதில் ஒன்று. செயல்விளக்கத் திடல், பண்ணைக் கருவி, பயிற்சி என்று உதவி உண்டு. நல்லதுதான். ஆனால் இப்படிப்பட்ட உதவிக்குப் போனால் முதலில் கேட்பது பட்டா, சிட்டா. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டமும் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்குத்தான்.

தமிழக மக்களில் 5-ல் ஒருவர் பட்டியல் சாதியினர். நிலத்தில் அந்தப் பங்கு நமக்கு இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் 1892-ல் தொடங்கிக் கொடுத்த பஞ்சமி நிலமும் பெருமளவு கைமாறிப் போனது. ஆகவே பட்டா கேட்கும் திட்டம் சாதி பார்க்காவிட்டாலும், நம் தெருவுக்கு வருவதில்லை. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவர், கூலிக்கு இலை அறுப்பவர், இருவருமே கணக்கில் இல்லை. பயிர் மாறினால் நிலக்காரருக்கு மானியம். வேலை போனவருக்கு என்ன?

வேறு வழி இல்லையா? அமெரிக்கா 2004-ல் புகையிலை ஒதுக்கீட்டு முறையை ஒழித்தபோது, ஒதுக்கீட்டுக்குச் சொந்தக்காரருக்குப் பவுண்டுக்கு 7 டாலர், பயிரிட்டவருக்கு 3 டாலர் என்று தனித்தனியாக 10 ஆண்டுத் தவணையில் கொடுத்தது. பணத்தைப் புகையிலை நிறுவனங்களிடம் வசூலித்தது. சொந்தக்காரர் வேறு, உழுதவர் வேறு என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. கூலிக்கு இலை ஒடித்தவரை அதுவும் மறந்தது. அந்தக் குறையை நம் நாட்டிலேயே ஒடிசா ஓரளவு தீர்த்தது. அங்கு வந்த 'காலியா' திட்டம், நிலமற்ற விவசாயக் குடும்பத்துக்கும் ஆடு, கோழி, காளான் வளர்க்க 12,500 ரூபாய் என்று அறிவித்தது.

சிறு விவசாயியின் மானியத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை. அவரும் கடனில்தான் இருக்கிறார். உழைத்தவர் பெயரையும் சேருங்கள் என்கிறோம். பட்டியல் எடுக்க முடியாது என்பது சாக்கு. விவசாயக் கூலிகளையும் உறுப்பினராக்கிய உழவர் பாதுகாப்புத் திட்டம் தமிழகத்தில் 2011-லேயே வந்தது. குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் இருக்கிறது. வாய்ப்பேச்சில் குத்தகை ஓடுவதாலும், கேட்டால் அடுத்த போகம் நிலம் கிடைக்காது என்ற பயத்தாலும் பலர் அந்தப் பக்கம் போவதில்லை. அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது வருவாய்த் துறை. மனு வரட்டும் என்று காத்திராமல் அதிகாரிகள் ஊருக்கு வந்து பதிய வேண்டும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை உண்டு. உங்கள் தெருவில் குத்தகைக்கு உழுகிறவர் எத்தனை பேர், புகையிலைக் கூலிக்குப் போகிறவர் எத்தனை பேர் என்று வீடு வீடாக எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் அதைப் படித்து, தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். தாளில் பெயர் இல்லாதவருக்குத் திட்டம் இல்லை என்கிறார்கள். முதல் தாளை நாமே எழுதுவோம்.