கேம் விளையாட ஒரு கம்பியூட்டர் – கடன் படாமல்



வீட்டுக்கு ஒரு பிரிட்ஜ் வாங்குவதென்றால் நாமே கடைக்குப் போகிறோம். கதவைத் திறந்து மூடிப் பார்க்கிறோம், மூன்று கடையில் விலை கேட்கிறோம். ஆனால் பிள்ளை கம்பியூட்டர் கேட்டால் மட்டும், "எனக்கு அதெல்லாம் விளங்காது மகன், நீயே பார்த்துக்கொள்" என்று காசை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். இல்லாவிட்டால், "அவ்வளவு காசுக்கு எங்கே போவது?" என்று பேச்சையே முடித்துவிடுகிறோம். இரண்டும் வேண்டாம். ஒரு குடும்பத்தின் அரிசி, பருப்பு, பள்ளிக்கூடச் செலவு எல்லாவற்றையும் மாதாமாதம் கட்டி இழுக்கும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு பெரிய வித்தை அல்ல.

"கேம் விளையாடுவதற்கா இவ்வளவு செலவு?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. 2023 இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கம்பியூட்டர் விளையாட்டுக்கும் பதக்கம் கொடுத்தார்கள். அதற்காக நம் பிள்ளையும் பதக்கம் வாங்குவான் என்று நம்பிக் காசு போட வேண்டியதில்லை. கேம் ஓடக்கூடிய கம்பியூட்டரில் படிப்பு, கணக்கு வேலை, வீடியோ எடிட்டிங், கட்டட வரைபடம் எல்லாமே நன்றாக ஓடும். மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் அது உதவும். வாங்குவதா இல்லையா என்பது உங்கள் வீட்டு முடிவு. வாங்குவதென்றால் எப்படி என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். போனோ லப்டொப்போ வாங்கினால் முழுதாகத்தான் வாங்க வேண்டும். காசு போதாவிட்டால் தவணை, வட்டி, நகை அடகு என்று கால் வழுக்குகிறது. பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டும் கம்பியூட்டர் அப்படியல்ல. அது வீடு கட்டுவது போல. அத்திவாரமும் ஒரு அறையும் இன்று கட்டிக் குடியேறலாம். கையில் காசு சேர்ந்ததும் மேல்மாடி எழுப்பலாம். ஆகவே, "எது மிகச் சிறந்தது?" என்று கேட்காதீர்கள். "எது இன்றே வேண்டும், எது ஆறு மாதம் பொறுக்கும்?" என்று கேளுங்கள். வட்டியின் பக்கம் போகாமல் இருக்க இந்த ஒரு கேள்வியே போதும்.

கடைக்குப் போகுமுன் பிள்ளையிடம் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். எந்தெந்தக் கேம் விளையாடப் போகிறான்? எந்தத் திரையில் விளையாடப் போகிறான்? ஹாங்சோவில் விளையாடப்பட்ட டோட்டா 2, லீக் ஒஃப் லெஜென்ட்ஸ் போன்றவை சாதாரண கம்பியூட்டரிலும் ஓடக்கூடியவை. சினிமாப் படம் போல வரும் புதிய பெரிய கேம்களுக்குத்தான் பலமான பாகங்கள் தேவை. திரையும் அப்படியே. 1920க்கு 1080 புள்ளிகள் உள்ள சாதாரண மொனிட்டரே போதும். ‘ஃபோர் கே’ என்று சொல்லும் திரையில் அதைவிட நான்கு மடங்கு புள்ளிகள்; அத்தனையையும் வரைந்து காட்டக் கம்பியூட்டருக்கும் அதிக பலம் வேண்டும். வீட்டில் எச்டிஎம்ஐ துளை உள்ள டிவி இருந்தால், முதல் சில மாதங்களுக்கு மொனிட்டர் செலவே இல்லை.

இனிப் பாகங்களைப் பார்ப்போம். புரொசஸர் என்பது சமையல்காரி. எல்லா வேலையும் அவள் கையில். ரேம் என்பது அவள் முன்னால் உள்ள மேசை. மேசை சிறிதென்றால் எவ்வளவு கைகாரியானாலும் தடுமாறுவாள். எஸ்எஸ்டி என்பது சாமான் அறை. கிராபிக்ஸ் கார்ட்தான் திரையில் படத்தை வரைவது. கேமுக்கு அதுவே முக்கியம், விலையும் அதற்கே கூட. மதர்போர்ட் இவை எல்லாவற்றையும் இணைக்கும் பலகை. பவர் சப்ளை என்பது வீட்டுக் கரண்டை வாங்கி எல்லாப் பாகங்களுக்கும் அளவாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி.

மொனிட்டரை விட்டுவிட்டு நூறு ரூபாயாகக் கணக்கிட்டால், கிராபிக்ஸ் கார்டுக்கு 35, புரொசஸருக்கும் மதர்போர்டுக்கும் சேர்த்து 30, ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் 20, பவர் சப்ளைக்கு 10, வெளிப் பெட்டிக்கு 5 என்று ஏறத்தாழப் பிரிக்கலாம். சந்தை விலைக்கு ஏற்ப இது கொஞ்சம் அங்கும் இங்கும் நகரும். உதாரணமாக, 2025 இன் இறுதியில் உலகமெங்கும் ரேம் விலை ஏறியது. செயற்கை அறிவுக்காக எழும்பும் பெரிய டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதே காரணம்.

இப்போது கவனியுங்கள்: அந்த 35 ரூபாயை இன்று செலவழிக்காமலேயே தொடங்க ஒரு வழி இருக்கிறது. சில புரொசஸர்களுக்கு உள்ளேயே படம் வரையும் சக்தி உண்டு. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி அப்படிப்பட்டது. 2021 இல் வந்தது. இந்த வகையில் ஒன்றை வாங்கினால் தனியாகக் கார்ட் இல்லாமலே திரையில் படம் வரும், பாடவேலை நடக்கும், இலேசான கேம்களும் ஓடும். பிறகு சீட்டுக் காசு வந்ததும் ஆர்எக்ஸ் 6600 போன்ற, 8 ஜிபி நினைவகம் உள்ள ஒரு கார்டை அதே பெட்டிக்குள் பூட்டிக்கொள்ளலாம். முதலில் வாங்கிய எதையும் எறிய வேண்டியதில்லை.

இங்கேதான் ஒரு எழுத்து ஆளைக் கவிழ்த்துவிடும். 5600ஜி என்பதில் உள்ள ‘ஜி’ இல்லாமல் வெறும் 5600 என்றிருந்தால், அதற்குப் படம் வரையும் சக்தி இல்லை. இன்டெல் புரொசஸரில் ஐ3-12100எஃப் என்பது போலக் கடைசியில் ‘எஃப்’ வந்தாலும் அதே கதைதான். கார்ட் இல்லாமல் இவற்றை வாங்கி வந்தால் திரை கறுப்பாகவே கிடக்கும். புரொசஸரையும் கார்டையும் ஒரே நாளில் வாங்கக் காசு இருக்கிறதென்றால் ஜி இல்லாத 5600 கொஞ்சம் கூடிய வேகம் தரும். காசு இல்லையென்றால் ஜி உள்ளதே நமக்கு.

ரேம் 16 ஜிபி வாங்குங்கள். ஒரே தட்டாக 16 வேண்டாம், இரண்டு 8 ஆக வாங்குங்கள். இரண்டு தட்டும் சேர்ந்து வேலை செய்யும்போது வேகம் கூடும். தனிக் கார்ட் இல்லாத கம்பியூட்டரில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டிடிஆர்4 என்றும் டிடிஆர்5 என்றும் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குரிய பலகையில் மற்றது பொருந்தாது. மதர்போர்ட் எடுக்கும்போது, "இந்த புரொசஸர் இந்தப் பலகையில் நேராக வேலை செய்யுமா, மென்பொருள் மாற்ற வேண்டுமா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பழைய இருப்புப் பலகைகளில் சிலவற்றுக்கு முதலில் உள்மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அதைக் கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள்.

எதில் கஞ்சத்தனம் கூடாது என்று கேட்டால், பவர் சப்ளை என்று சொல்வேன். பட்டியலில் அதிகம் வெட்டப்படுவது இதுதான், வெட்டக்கூடாததும் இதுதான். வெளிப் பெட்டியோடு சேர்ந்து மலிவாக வரும் பெயர் தெரியாத பவர் சப்ளை ஒருநாள் வெடித்தால் தனியாகப் போகாது. பலகையையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். நம் நாட்டுக் கரண்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுக்கு ஆளானோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் கரண்ட் போனபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். நாம் சிரித்தோம், ஆனால் கரண்ட் போவதும் வருவதும் கம்பியூட்டருக்குச் சிரிப்பல்ல. ஆகவே பெயருள்ள நிறுவனத்தின் 550 வாட் பவர் சப்ளை, ‘80 பிளஸ்’ முத்திரையோடு, வொரண்டியோடு வாங்குங்கள். பின்னால் கார்ட் பூட்டும்போதும் அது தாங்கும். பிறகு ஒரு யுபிஎஸ்ஸும் வாங்க முடிந்தால் நல்லது. அதில் 650 விஏ என்று எழுதியிருந்தால் 650 வாட் என்று எண்ண வேண்டாம். வாட் கணக்கில் அது வெகுவாகக் குறைவு. கேம் விளையாடுவதற்கல்ல, வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைப்பதற்கே அது.

கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தை என்று கடற்கரையை அண்டியிருக்கும் நமக்கு இன்னொரு எதிரி உப்புக் காற்று. ஜன்னல் கம்பியைத் தின்னும் அந்தக் காற்று கம்பியூட்டரின் செம்பையும் ஆணியையும் விட்டுவைக்காது. கடல் பக்கத்து ஜன்னலை விட்டுத் தள்ளி, தரையிலல்லாமல் ஒரு ஸ்டூலின் மேல் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கரண்டைக் கழற்றிவிட்டுத் தூசியைத் தட்டச் சொல்லுங்கள்.

இனிப் பாவித்த பாகங்களைப் பற்றி. ரேம், புரொசஸர், வெளிப் பெட்டி ஆகியவற்றை நம்பிக்கையான இடத்தில் பாவித்ததாக வாங்கலாம். அவை இலகுவில் தேய்வதில்லை. பவர் சப்ளையும் எஸ்எஸ்டியும் புதிதாகவே இருக்கட்டும். கிராபிக்ஸ் கார்டில் மட்டும் இரண்டு முறை யோசியுங்கள். எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தை உண்டாக்க இரவு பகலாக ஓடிய கார்டுகள், 2022 செப்டெம்பரில் அந்த முறை மாறியதும், கூட்டமாகப் பாவித்த சந்தைக்கு வந்தன. வாங்குவதென்றால், கண்ணுக்கு முன்னால் அரை மணித்தியாலம் ஒரு கேமை ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

அலுவலகங்களில் பாவித்துக் கழித்த ஒடுக்கமான பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். படிப்புக்கு நல்லவை. கேமுக்கு என்றால் கவனம். அவற்றில் பலவற்றில் குட்டையான கார்ட் மட்டுமே பொருந்தும். பவர் சப்ளையும் அந்தக் கம்பனிக்கே உரிய வடிவம், வெளியில் கிடைக்காது. வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. வின்டோஸ் 11 முறையாக ஓட இன்டெலில் 8 ஆவது தலைமுறையாவது இருக்க வேண்டும். அதைக் கேட்காமல் காசு நீட்டாதீர்கள்.

கடைக்குப் போவதும் நமக்குச் சிரமமில்லை. கல்கிசையிலிருந்து 100 அல்லது 101 பஸ்ஸில் காலி வீதி வழியே பம்பலப்பிட்டியில் இறங்கினால் யுனிட்டி பிளாசா. ரயிலிலும் போகலாம். ஒரே கட்டடத்தில் அத்தனை கம்பியூட்டர் கடைகள். முதல் கடையிலேயே முடித்துவிடாதீர்கள். ஒரே பட்டியலை மூன்று கடையில் கொடுத்து விலை எழுதி வாங்குங்கள். "வரியும் சேர்த்தா இந்த விலை?" என்று கேளுங்கள், 2024 ஜனவரி 1 முதல் வற் வரி நூற்றுக்கு 18 ஆனதை அறிவீர்கள். எழுதிய விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்றும் கேளுங்கள். 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியபோது, விலைப்பட்டியல் நாளுக்கு நாள் மாறியது. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் வொரண்டிக் காலமும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பூட்டி, திரையில் படம் வந்ததைப் பார்த்த பிறகே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

வர்ண வர்ணமாக மின்னும் விளக்கு, கண்ணாடிப் பெட்டி, தண்ணீரில் குளிர வைக்கும் கருவி, கேம் கதிரை ஆகியவற்றுக்கு இப்போதைக்கு "இல்லை" என்று சொல்லுங்கள். அவை இல்லாமலும் ஒரு கேம் கூட நிற்காது.

காசில்லாமல் கிடைக்கும் வேகம் இரண்டு உண்டு. ஒன்று, கார்ட் பூட்டிய பிறகு மொனிட்டர் வயரைப் பலகையில் அல்ல, கார்டில் செருக வேண்டும். பலகையில் செருகிவிட்டு, "கார்ட் வாங்கியும் வேகமில்லையே" என்று தலையில் கை வைத்தவர்கள் பலர். மற்றது, கம்பியூட்டரின் அடிப்படை அமைப்பில் ‘எக்ஸ்எம்பி’ என்று ஒன்றிருக்கும். அதைத் திறந்துவிடாவிட்டால் ரேம் அதன் முழு வேகத்தில் ஓடாது. இரண்டையும் கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்தே எழுதுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே ‘இன்று’ அல்லது ‘பிறகு’ என்று அவனே குறிக்கட்டும், ஏன் என்றும் அவனே சொல்லட்டும். கேட்டதெல்லாம் ஒரே நாளில் கிடைத்த பிள்ளையைவிட, ஆறு மாதம் பொறுத்துத் தானும் கொஞ்சம் சேர்த்து ஒரு கார்ட் வாங்கிய பிள்ளைக்குக் காசின் அருமை தெரியும். வீட்டில் எவரும் எவருக்கும் கடன்காரராக ஆகவும் வேண்டியதில்லை. பட்டியல் முடிந்து நூறோ ஆயிரமோ மிஞ்சினால் அதைச் செலவழிக்காமல் எடுத்து வையுங்கள். மேல்மாடிக்கு அதுவே முதல் கல்.

அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.