தவளையின் கேடயம்

“கிருமியைக் கொல்லும் மருந்து எம்மைக் கொல்லாதிருப்பது ஏன், ஐயா?” என மாணவனொருவன் வகுப்பிலே வினவினான். இவ்வார விடயம் அதுவே. விடையைத் தவளையிடமிருந்து தொடங்குவோம்.

அமெரிக்காவிலே ஆய்வு நடத்திய மைக்கல் சாஸ்லொவ், ஆபிரிக்க நகத்தவளைகளின் வயிற்றைக் கீறிச் சூலகத்தை எடுத்தபின், காயத்தைத் தைத்துத் தொட்டி நீரில் விட்டுவிடுவார். கிருமிகள் மலிந்த அந்நீரிலும் புண் சீழ்பிடியாது ஆறியது. காரணத்தைத் தேடியவர், தவளைத் தோலிலே 23 அமினோவமிலங்கள் கோத்த இரு சிறு புரதத் துண்டுகளைக் கண்டு, 1987ஆம் ஆண்டில் வெளியிட்டார். கேடயத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லையொட்டி ‘மகைனின்’ எனப் பெயருமிட்டார்.

இக்கேடயம் பகைவனை எவ்வாறு இனங்காண்கின்றது? ஒவ்வொரு கலத்தையும் இலிப்பிட்டு எனும் கொழுப்புப் பொருளாலான மென்சவ்வு இருபடையாகச் சூழ்ந்துள்ளது. பற்றீரியாவின் சவ்விலே மறையேற்றமுடைய இலிப்பிட்டுகள் மிகுதி. எமது கலச்சவ்வின் புறப்படையோ பெரும்பாலும் ஏற்றமற்றது. கொலெஸ்தரோலும் அதனை இறுகப் பிணிக்கின்றது. ஆதலின் நேரேற்றமுடைய மகைனின் பற்றீரியாவையே நாடிப் படிகின்றது. படிந்ததும் சுருள்வடிவங் கொண்டு, கொழுப்பை விரும்பும் பக்கத்தைச் சவ்வினுள் புதைத்து, அதனைத் துளைக்கின்றது. உள்ளிருப்பவை கசியக் கிருமி மடிகின்றது.

இதற்குச் சான்று செயற்கை மகைனினே. இயற்கைப் புரதங்கள் இடக்கை வடிவ அமினோவமிலங்களால் ஆனவை. 1990இல் வலக்கை வடிவங்களை மட்டுங் கோத்து மகைனினின் கண்ணாடி விம்பத்தை ஆக்கினர். பூட்டிலே திறவுகோல் போல ஏதேனுமொரு புரதத்திற் பொருந்தியே அது கொல்வதாயின், விம்பம் பயனற்றிருக்கும். அதுவோ மூலத்தைப் போன்றே கிருமியைக் கொன்றது. தாக்கப்படுவது இலிப்பிட்டுப் படையே என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆயினும், ஆய்வுகூட வெற்றி மருத்துவமனை வெற்றியாகிவிடாது. மகைனினைத் திருத்தி ஆக்கிய பெக்சிகனான் எனும் பூச்சு மருந்து, நீரிழிவு நோயாளரின் காற்புண்ணுக்கென முன்வைக்கப்பட்டது. முன்னைய மருந்துகளினும் மேலானதென நிறுவப்படாமையால், 1999இல் அமெரிக்க அதிகாரிகள் அனுமதி மறுத்தனர். கிருமிகளும் வாளாவிருப்பதில்லை. புண்களிற் சீழை உண்டாக்கும் ஸ்டபிலோகொக்கஸ், தன் இலிப்பிட்டோடு இலைசின் எனும் அமினோவமிலத்தை இணைத்து மறையேற்றத்தைக் குறைத்துக்கொள்கின்றது.

தம்பி, சவர்க்காரமுங் கூடக் கிருமியின் சவ்வைச் சிதைக்கும். அதனை எவரும் மருந்தென அருந்துவதில்லை. பகைவனையும் உறவினனையும் பிரித்தறிவதே மருந்தின் சிறப்பு. பழைய மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் இந்நாளில், அத்தகைய கேடயத்தைச் செம்மை செய்வது உன் தலைமுறைக்குரிய பணி.