பழுப்பு வந்தால் தொட்டி போச்சா?

"பழுப்பு வந்துட்டா டேங்க் போச்சு சார்!" கொளத்தூர் வண்ணமீன் கடைப் பக்கம் உப்புநீர்த் தொட்டி ஆசையோடு போகிறவர் காதில் வருடக்கணக்காக விழுந்துகொண்டிருக்கும் வாக்கியம் இது. தொட்டி வைத்து இரண்டு மூன்று வாரத்தில் மணலிலும் கண்ணாடியிலும் காப்பித்தூள் தூவியதுபோல ஒரு படலம் படியும். வாங்கியவர் பதறிக்கொண்டு கடைக்கு ஓடுவார். கல்லாவுக்குப் பின்னால் தீர்ப்பு தயார்: தண்ணீரை முழுசா மாத்துங்க, மணலைக் கழுவுங்க, லைட்டை அணைங்க, இந்த மருந்தை ஊத்துங்க.

முதலில், இதைப் பழுப்புப் பாசி என்று சொல்லும் பெயரே தப்பு. அசல் பழுப்புப் பாசியைப் பார்க்க வேண்டுமானால் மன்னார் வளைகுடாக் கரைக்குப் போக வேண்டும். அங்கே வளரும் சர்காசம் அந்த வகை. தொட்டியில் படிவது டயாட்டம். ஒற்றைச் செல் உயிரி, சிலிக்காவால் தனக்கு ஓடு கட்டிக்கொள்வது. உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதன் கைங்கரியம். மத்தி மீன் கொழுப்பதும் இதைத் தின்றுதான். மத்திக் குழம்பைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டுத் தொட்டியில் விஷம் என்று அலறுகிறார்கள்.

விளக்கை அணைப்பதா? மங்கிய வெளிச்சத்திலும் பிழைக்கும் உயிரி அது. மணலில் சிலிக்கா என்கிறார்களா? குவார்ட்ஸ் மணல் சர்க்கரை அல்ல, கரைந்து ஓட. மருந்து என்று கொடுக்கும் எரித்ரோமைசின் பாக்டீரியாவுக்கானது. டயாட்டம் பாக்டீரியாவே இல்லை.

தண்ணீரை மாற்றச் சொல்வதுதான் உச்சகட்டம். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ. அத்தனையும் சாக்கடைக்கு. உப்பு விற்கிறவருக்கு இதைவிட நல்ல வைத்தியம் ஏது? டயாட்டத்தின் தீனி, தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிகேட். போர் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் அது உண்டு. பழைய தண்ணீரில் தீர்ந்துகொண்டிருந்த தீனியைப் புதுத் தண்ணீர் மறுபடி பந்தி வைத்துப் பரிமாறுகிறது. மணலைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினாலோ, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றக் குடியேறிய பாக்டீரியாக்கள் செத்துப்போகும். நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும் அந்த வேலை திரும்ப முதலிலிருந்து. பழுப்பும் திரும்பி வரும். வாடிக்கையாளரும் கடைக்குத் திரும்பி வருவார்.

"ஆர்.ஓ. தண்ணிதான் ஊத்தறோம், மீட்டர் சைபர் காட்டுதே" என்ற சமாதானமும் உண்டு. டி.டி.எஸ். மீட்டர் அளப்பது மின்கடத்தும் திறனை. கரைந்த சிலிக்காவுக்குப் பெரும்பாலும் மின்னூட்டம் கிடையாது. மீட்டரின் கண்ணில் படாமலே நழுவிவிடும். ஆர்.ஓ. சவ்வு தாண்டி வரும் மிச்சத்தைப் பிடிப்பது அயனிகளை நீக்கும் டி.ஐ. ரெசின். அது தீரும் தறுவாயில் முதலில் கசிகிறவற்றில் ஒன்று சிலிக்கா.

நல்ல தண்ணீர் ஊற்றிய தொட்டியைச் சும்மா விட்டால் சிலிகேட் தீர்ந்து, படலம் சில வாரங்களில் தானே மறையும். அதுவரை கண்ணாடியைத் துடைத்து, மணல்மேல் படிந்ததைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தால் போதும். மேய்வதற்கு நாலு ட்ரோகஸ் நத்தை விடலாம். சளிபோல நூல்நூலாகத் தொங்கி, காற்றுக் குமிழ் கோத்திருந்தால் மட்டும் சந்தேகப்படலாம். அது டைனோஃபிளாஜெல்லேட் என்ற வேறொரு நுண்ணுயிரியாக இருக்கக்கூடும், அந்த வழக்கு வேறு.

அடுத்த முறை பழுப்பைப் பார்த்ததும் பர்ஸைத் தேடாதீர்கள். ரெசின் மாற்றி எத்தனை மாதமாயிற்று என்று பாருங்கள்.