கோசுல இல்லாத மருந்தை டப்பால அடைச்ச கதை

போன மாசம் மேட்டுப்பாளையம் பக்கம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிஞ்சு இப்ப மாத்திரை ஓடிட்டு இருக்கு. டீ குடிச்சிட்டு இருக்கும்போது மாமா அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். ப்ரோக்கோலி காப்ஸ்யூலாம். 60 எண்ணம், ரெண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்.

"கட்டியை அப்படியே கரைச்சுப்போடுமாமா மாப்ள. தெரிஞ்ச ஆள்தான் குடுத்தாப்ல" என்றார்.

அத்தை மெதுவா கேட்டாங்க: "ஏங்கண்ணு, இதத் தின்னா அந்த ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்திக்கலாமா? அதத் தின்னா ஒரே மூட்டுவலியா இருக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்தக் கோவத்துலதான் இந்தப் பதிவு.

சரி, விஷயத்துக்கு வருவோம். கோசு, காலிஃபிளவர், ப்ரோக்கோலி, முள்ளங்கி, நூல்கோல் எல்லாமே கடுகுக் குடும்பம். டப்பாக்காரங்க ஆகா ஓகோன்னு புகழ்ற சல்ஃபோரபேன், ப்ரோக்கோலிக்குள்ள ரெடிமேடா உக்காந்திருக்கறது இல்லை. உள்ள இருக்கறது குளுக்கோசினோலேட்னு ஒரு மூலப்பொருள். அதோட ஒட்டாம, தனி அறையில மைரோசினேஸ்னு ஒரு நொதி. நாம வெட்டும்போதோ மெல்லும்போதோதான் சுவர் உடைஞ்சு ரெண்டும் சேருது, அப்பத்தான் அந்தச் சரக்கே உண்டாகுது. பூச்சியை விரட்ட செடி வெச்சிருக்கற ஆயுதம் அது. நம்பாதவங்க முழுக் கடுகை மோந்து பாருங்க, ஒண்ணும் தெரியாது. தண்ணி விட்டு அரைச்சுப் பாருங்க, மூக்குல சுர்ருன்னு ஏறும். ரெண்டும் ஒரே வேலைதான்.

உள்ள போனதும் நம்ம உடம்பு அதுக்கு ஆரத்தி எடுக்கறதில்லை. குடல் உறிஞ்சி, ரத்தத்துல கலந்து, செல்லுக்குள்ள போனதும் குளுட்டதையோன் அதைக் கப்புனு புடிச்சுக்குது. அப்புறம் படிப்படியா மாத்தி, சிறுநீரகம் வழியா வெளிய தள்ளிருது. பெரும்பகுதி ஒரு நாளைக்குள்ள சிறுநீர்ல போயிரும். அப்ப நன்மை எங்கேன்னு கேக்கறீங்களா? புது ஆள் தெருவுல நுழைஞ்சா நாய் குலைச்சு ஊரே முழிச்சுக்குமில்ல, அந்த மாதிரி செல்லு முழிச்சுக்கிட்டு, நச்சை முறிக்கற தன்னோட நொதிகளைக் கூடுதலா தயார் பண்ணுது. அவ்வளவுதான். இது ஊர்க்காவல். ஏற்கனவே வீட்டுக்குள்ள பூந்தவனை வெளிய இழுத்துப் போடற போலீஸ் இல்லை.

1992-ல அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல பால் டலலே குழுவினர் ப்ரோக்கோலியிலிருந்து இதைப் பிரிச்சுக் காட்டினாங்க. 30 வருஷத்துக்கு மேல ஆச்சு. எலியில, கண்ணாடித் தட்டுல வளர்த்த செல்லுல நல்ல நல்ல முடிவெல்லாம் வந்திருக்கு. ஆனா மனுசனுக்கு வந்த புற்றுநோயை இது குணமாக்கும்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் நிரூபிக்கலை. நிரூபிக்காததை டப்பா மேல எழுதாம, வாயால சொல்லி விக்கறதுக்குப் பேரு வியாபாரமா?

இன்னொரு கூத்து. பல காப்ஸ்யூல்ல மூலப்பொருள் மட்டும்தான் இருக்கும், நொதி இருக்காது. அப்ப வேலை முழுக்க பெருங்குடல் பாக்டீரியா தலையில விழுது. அது ஆளுக்கு ஆள் மாறும். ஆன்டிபயாடிக் குடுத்து அந்தப் பாக்டீரியாவைக் குறைச்சா, இந்த மாற்றம் ஏறக்குறைய நின்னே போயிருதுன்னு 1998-லயே பார்த்துட்டாங்க.

நம்ம சமையக்கட்டும் ஒண்ணும் யோக்கியம் இல்லீங்க. நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை மூட்டையா கோசு இறங்குது. நாம என்ன பண்றோம்? குக்கர்ல ரெண்டு விசில் விட்டு, தண்ணியை வடிச்சு சிங்க்ல ஊத்தறோம். நொதி சூட்டுல செத்துரும், மூலப்பொருள் தண்ணியோட போயிரும். மிச்சம் நார்தான். கோயமுத்தூர் ரோட்டுக்கடை காளான்ல காளானை விட கோசுதான் அதிகம்னு ஊருக்கே தெரியும். அதை ருசிக்குத் தின்னுங்க, ஆரோக்கியத்துக்குன்னு கதை விடாதீங்க :-)

வழி ரொம்ப சுலபம். கோசைப் பொடியா அரிஞ்சு அரைமணி, முக்கா மணி நேரம் அப்படியே வெச்சுட்டு அப்புறம் லேசா வதக்குங்க. இல்லேன்னா, அடுப்பை அணைச்சு கொஞ்சம் ஆறினதும் ஒரு சிட்டிகை பச்சைக் கடுகுப் பொடி தூவுங்க. வெந்த ப்ரோக்கோலி 200 கிராமோட 1 கிராம் கடுகுப் பொடி சேர்த்துச் சாப்பிட்டவங்க உடம்புக்கு 4 மடங்குக்கு மேல சல்ஃபோரபேன் கிடைச்சதா 2018-ல இங்கிலாந்துல நடந்த ஆய்வு சொல்லுது. தாளிச்ச கடுகு கணக்குல வராது, காய்ஞ்ச எண்ணெயில நொதி போயிரும். ரெண்டு ரூபாய்க் கடுகு செய்யற வேலைக்கு ரெண்டாயிரம் ரூபாய் எதுக்குங்க? அதுவும் இது சோறு கூட சாப்பிடற காய்தான், மருந்து இல்லை.

அத்தைகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்: "மாத்திரைய மட்டும் நிறுத்திப்போடாதீங்க அத்தை. மூட்டுவலின்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதுக்கு அவரு வழி பண்ணுவாரு. இந்த டப்பாவையும் கொண்டுபோய்க் காட்டிட்டு அப்புறம் தொடுங்க."

மாமா முகம் சுருங்கிப்போச்சு.

"அப்ப ரெண்டாயிரம் போச்சா மாப்ள?"

"போச்சுங்க மாமா. ரெண்டாயிரத்தோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க."

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. அதனாலதான் டாக்டரைக் கேளுங்கன்னு சொல்றேன். டப்பா வித்தவரும் டாக்டர் இல்லை. ஆனா அவரு அப்படிச் சொல்லலை, அதுதான் வித்தியாசம்.