மணலில் எழுதிய பிழை

தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,

கொங்கு நாட்டின் மேட்டாங்காட்டு ஊர்களில், ஐந்து வகுப்புகளை இரண்டு அறைகளுக்குள் அடக்கி நடத்தும் ஈராசிரியர் பள்ளிகளிலேயே 32 ஆண்டுகள் உபாத்தியாயம் செய்து ஓய்வுபெற்றவன் நான். ஓய்வுபெற்ற உபாத்தியாயர்கள் மடல் எழுதப் புகுந்தால் அது பழம்பெருமையில் தொடங்கிப் பிரம்பின் மகிமையில் முடியும் என்பதைத் தாங்கள் அனுபவத்தில் அறிந்திருப்பீர்கள். இது அந்த ரகத்தைச் சேர்ந்ததன்று என்று முதற்கண் உறுதி கூறிவிட்டு, சென்ற மாதம் ஒரு பள்ளியில் நான் கண்டதைத் தங்கள் சமுகத்தில் வைக்க விரும்புகிறேன்.

அது இரண்டாம் வகுப்பு. ஆசிரியை இளையவர், கருத்தும் கனிவும் உள்ளவர். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று, ஆட்டைப் பற்றிய நான்கு வாக்கியங்களைத் தங்குதடையின்றி வாசித்தாள். அவளை அருகழைத்து, வீட்டில் ஆடு உண்டா என்று கேட்டேன். "எங்க வெள்ளாடு நேத்து ராத்திரி ரெண்டு குட்டி போட்டுதுங்க, ஒண்ணு மூச்சே உடலீங்க, எங்கப்பாரு அத வாரி எடுத்து மூக்குல ஊதுனாருங்க" என்று, கதை எழுதுவோர் பொறாமைப்படத்தக்க கிரமத்தில் அவள் சொல்லிக்கொண்டே போனாள். "இத எல்லாருக்கும் சொல்லு கண்ணு" என்றேன். வாய் அடைத்துக்கொண்டது. சற்றுப் பொறுத்து, "அது பொஸ்தகத்துல இல்லீங்களே" என்றாள்.

குற்றம் அக்குழந்தையுடையதன்று, ஆசிரியையுடையதும் அன்று. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தமையால் எழுத்தறியாமலே வகுப்பேறிவிட்ட பிள்ளைகளைக் கருத்தில் கொண்டு, எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்ற நோக்கோடு 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பாட்டும் படமும் அட்டைகளும் வகுப்பறைக்குள் வந்திருக்கின்றன. பின்தங்கிய பிள்ளையை மக்கு என்று ஒதுக்காமல், அரும்பு, மொட்டு, மலர் என நிலை வகுத்து, அதன் நிலையிலிருந்தே கற்பிக்கச் சொன்னது பெரிய காரியம். அதற்கு முன்பே, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், உபாத்தியாயரை நாற்காலியிலிருந்து இறக்கிப் பாயில் உட்கார வைத்தது. என் முழங்கால்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

ஆயினும், குழந்தை எழுத்தைக் கற்கிறது என்று நாம் சொல்லும்போது உண்மையில் எதைக் கற்கிறது என்பதைச் சற்று நின்று நோக்க வேண்டும். 247 வடிவங்களைக் கண்ணுக்குப் பழக்குவதிலேயே போதிய சிரமம் உண்டு. ஆகாரத்திற்குக் கால், எகரத்திற்குக் கொம்பு என்று ஒழுங்காக வந்த குறிகள், உகரத்தை எட்டியதும் ஒழுங்கை மறந்து, கு, சு, டு, மு என்று ஆளுக்கொரு விதமாக மெய்யோடு ஒட்டிக்கொள்ளும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ணா, லை முதலான 13 வடிவங்களைச் செப்பனிட்டதேயன்றி உகர வரிசையைத் தொடவில்லை. என் மாணாக்கர் பலர் இடறி விழுந்ததும் அங்கேதான். எனினும் அது ஓராண்டில் கடக்கக்கூடிய மேடு. அதனினும் ஆழமான பள்ளம், பேசும் தமிழுக்கும் எழுதும் தமிழுக்கும் இடையே கிடக்கிறது. வீட்டில் 'போட்டுதுங்க' என்பது நூலில் 'ஈன்றது' ஆகிறது, 'உடல' என்பது 'விடவில்லை' ஆகிறது, அப்பாரு தாத்தாவாகிவிடுகிறார். ஐந்து வயதுப் பிள்ளை ஒரு தமிழிலிருந்து இன்னொரு தமிழுக்குக் குடிபெயர்கிறது. குடிபெயர்கிறோம் என்று அதனிடம் சொல்வாரில்லை. தன் வீட்டுப் பேச்சு பிழை என்று மட்டும் அது தானாகவே முடிவு செய்துகொண்டு, வகுப்பில் மௌனத்தைப் பயில்கிறது. (திருப்பூர்ப் பக்கத்துப் பள்ளிகளில், ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் இதே பாயில் அமர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குப் பள்ளம் இன்னும் அகலம்.)

இப்பள்ளத்தின்மேல் நானறிந்த பாலம் ஒன்றே. பிள்ளை தன் பேச்சில் சொல்ல வேண்டும்; சொன்னதை ஆசிரியர் கரும்பலகையில் அப்படியே எழுத வேண்டும்; பிறகு அதே செய்தியைப் புத்தகத் தமிழில் அதன் கீழே எழுதிக் காட்ட வேண்டும். தன் வெள்ளாடு பலகையில் ஏறியதைக் கண்ட பிள்ளை இரண்டு வரிகளையும் படிக்காமல் விடாது.

ஆனால் பிழைக்கு அஞ்சும் பிள்ளை வாய் திறக்காது; அந்த அச்சம் இல்லாத எழுத்துமுறை ஒன்று நம்மிடம் முன்பு இருந்தது. 1789 முதல் எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதியை மேற்பார்த்துவந்த ஆன்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் திண்ணைப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைக் கண்டு வியந்து, அதைத் தம் விடுதியில் கைக்கொண்டு, மாணாக்கரே மாணாக்கருக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் அதனோடு சேர்த்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. அந்தத் திண்ணைப் பள்ளிக்காக நான் கண்ணீர் வடிக்கப்போவதில்லை. கோதண்டத்தில் பிள்ளையைத் தொங்கவிட்ட கொடுமையும், தாழ்த்தப்பட்டோர் வீட்டுப் பிள்ளையைத் திண்ணைக்கு அருகிலும் வரவொட்டாத அநீதியும் அதற்கு உண்டு. ஆனால் மணலுக்கு ஒரு குணம் இருந்தது: அதில் எழுதிய பிழை உள்ளங்கை பட்டதும் மறைந்துபோகும். நேற்றைய பிழை இன்றைக்குச் சாட்சி சொல்ல வராது.

இன்று மதிப்பீடு கைப்பேசிச் செயலியில் நடைபெறுகிறது. பிள்ளை தடுமாறினால் தடுமாற்றம் பதிவாகிறது. பதிவு இல்லாமல் நிர்வாகம் இல்லை என்பதை உணர்வேன். ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பெடுத்தால் மற்றவர் ஐந்து வகுப்புக்கும் ஆசிரியராகவும் எழுத்தராகவும் ஆகிவிடுகிறார். அந்நாளில் முதலில் பலியாவது, எந்தப் பதிவிலும் இடம்பெறாத காரியமாகிய, பிள்ளை பேசக் கேட்டல்தான்.

ஆகவே என் விண்ணப்பம் சிறியது. முதல் மூன்று வகுப்புகளுக்கு நாள்தோறும் ஒரு பாடவேளை, பிள்ளைகள் பேசவும் ஆசிரியர் செவிமடுக்கவும் ஒதுக்கப்பட வேண்டும்; அதில் நிகழ்வது எதுவும் எங்கும் பதிவு செய்யப்படக் கூடாது. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், 29ஆம் பிரிவில், குழந்தையை அச்சத்திலிருந்து விடுவித்து, அது தன் எண்ணங்களைத் தாராளமாக வெளியிடத் துணைநிற்க வேண்டும் என்று முன்னமே சொல்லியிருக்கிறது. ஒரே ஒரு பிரார்த்தனை: தயைகூர்ந்து இதற்கு அழகிய பெயர் சூட்டித் திட்டமாக்கிவிட வேண்டாம். பெயர் வைத்தால் கையேடு வரும். கையேடு வந்தால் பயிற்சி முகாம் வரும். முகாம் முடிந்த மறுவாரமே, பிள்ளைகள் பேசுவதைப் படமெடுத்து அனுப்புக என்று சுற்றறிக்கை வரும். கால அட்டவணையில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, அதற்குரிய ஆணையைப் பிறப்பித்தால் போதும்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். அன்று அந்தச் சிறுமியிடம், மூச்சு விடாத குட்டி பிழைத்ததா என்று நானும் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தபோது மணி அடித்துவிட்டது. அவள் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டிருந்தாள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியன்