ஆமை வரைந்த முக்கோணம்



அமெரிக்காவில் 1967-ஆம் ஆண்டில் ‘லோகோ’ என்னும் கணிப்பொறி மொழி சிறுவர்களுக்கென்றே உருவாக்கப்பட்டது. அதை உருவாக்கியோருள் ஒருவர் சீமோர் பேப்பர்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இவர், குழந்தைகள் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்பதை ஜெனீவாவில் அறிஞர் பியாஜேயுடன் இருந்து ஆராய்ந்தவர். செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடிகளுள் ஒருவர். லோகோ மொழியில் இடும் கட்டளைக்கேற்பத் தரையில் ஊர்ந்து, எழுதுகோலால் கோடு வரையும் சிறு ரோபோ ஒன்றும் பின்னர் வந்தது. அதற்கு ‘ஆமை’ என்று பெயர்.

‘100 அளவு முன்னே செல், 90 பாகை வலப்புறம் திரும்பு’ என்று நான்கு முறை கூறினால் ஆமை சதுரம் வரையும். இதைக் கற்ற சிறுவன் ஒருவன் அடுத்து முக்கோணம் வரைய விழைகிறான் எனக் கொள்வோம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று அவன் படித்திருக்கிறான். எனவே 60 பாகை திரும்பும்படி கட்டளையிடுகிறான். ஆமையோ மூன்று கோடுகளை வரைந்து, வாய் அகன்ற கிண்ணம் போன்ற ஒன்றைக் காட்டி நின்றுவிடுகிறது!

சிறுவன் எழுந்து, தானே ஆமையாகித் தரையில் நடந்து பார்க்கிறான். மூலையில் தான் திரும்ப வேண்டிய அளவு உட்கோணமன்று, புறக்கோணமாகிய 120 பாகை என்பது அப்போது விளங்குகிறது. மூன்று மூலைகளிலும் திரும்பி, 360 பாகை சுற்றி, புறப்பட்ட திசையை நோக்கியே நிற்கிறான். இனி அந்தப் பாடத்தை அவன் மறப்பானோ?

பேப்பர்ட் 1980-இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்திய உண்மை இதுவே: பிழை வெட்கத்துக்குரியதன்று, ஆராய்ந்து திருத்துவதற்குரியது. நம் இல்லங்களிலோ மதிப்பெண் தாளில் சிவப்புக் கோட்டைக் கண்டதும் முகம் கடுக்கிறது. அதனால் பிள்ளை பிழையைத் திருத்தக் கற்பதில்லை, மறைக்கவே கற்கிறது.

பிழைக்கு அஞ்சும் பிள்ளைக்கு இன்று எளிய புகலிடம் ஒன்று உண்டு. வினவிய மாத்திரத்தில் விடை எழுதித் தரும் பொறி அது. இத்தகைய கருவிகள் பல, மாணவர் தாமே விடை காணத் தூண்டாமல் விடையை மட்டும் தந்துவிடுகின்றன என்று வத்திக்கான் 2025 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவு பற்றி வெளியிட்ட ஆவணம் எச்சரிக்கிறது.

ஆகவே பொறியை வெறுத்து ஒதுக்க வேண்டுமா? வேண்டா. அதைப் பழக்குவிக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். மாம்பழமும் எலுமிச்சையும் வேறு என்று படங்களைக் காட்டிப் பொறிக்குக் கற்பிக்கும் எளிய பயிற்சிகள் இன்று உள்ளன. மஞ்சள் மாம்பழங்களை மட்டுமே காட்டியிருந்தால், பச்சை மாம்பழத்தைக் கண்டதும் அது தடுமாறக்கூடும். பொறியின் அறிவு, நாம் காட்டியவற்றைப் பொறுத்ததே என்பதைப் பிள்ளை தன் கையாலேயே அறியும்.

இது விளையாட்டுச் செய்தியன்று. முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா என்று கூறும் மூன்று வணிகப் பொறிகளை ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் சோதித்து, 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடமோ 34.7 விழுக்காடு வரை சென்றது! இறைச்சாயலாகப் படைக்கப்பட்ட மனிதருள் சிலரைப் பொறி சரியாகக் காணவில்லை. மாம்பழப் பாடம் கற்ற பிள்ளை, ‘பொறி சொல்லிவிட்டது’ என்று தலைவணங்காது. ‘இதற்கு எதைக் காட்டிப் பழக்கினார்கள்?’ என்று கேட்கும்.

விலையுயர்ந்த கருவிகள் வாங்க இயலவில்லையே என்று வருந்த வேண்டா. இன்று மாலை தந்தை ஆமையாகட்டும், பிள்ளை கட்டளையிடட்டும். வாயிற்படியிலிருந்து தண்ணீர்ப் பானைவரை, சொன்னதை மட்டும் செய்து நடவுங்கள். சுவரில் முட்டினால் சினவாதீர்கள். ‘எந்தக் கட்டளையில் பிழை?’ என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள்.

நம் ஆண்டவர் தம் ஊராரால் தச்சர் என்றே அழைக்கப்பட்டவர். கைத்தொழிலில் தவறாமல் தேர்ந்தவர் எவருமில்லை. அருகிலிருந்து பொறுமையோடு கற்பிக்க ஒருவர் வேண்டும். உங்கள் இல்லத்தில் அந்த ஒருவர் நீங்களே.